அந்தப் பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலங்குகளின் குடலிலும் புளிக்கவைத்த உணவுகளிலும் புதுப்புது பாக்டீரியாக்களைக் கண்டுபிடித்து வருகிறார்கள் என்று உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 28 ஆண்டுகள் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டக் கரைசலான மீடியாவைக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, அதில் புள்ளி புள்ளியாக வளரும் பாக்டீரியாக் கூட்டங்களான காலனிகளைப் பொறுக்கிக் கொடுத்த டெக்னீஷியன் நான். என் வாழ்நாள் வேலையைப் பற்றி அரைப் பக்கம் ஒதுக்கி எழுதியிருந்தீர்கள். நன்றி. தகவலில் பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் ஒரு கேள்வியை நீங்கள் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். கண்டுபிடித்ததாகச் சொல்லும் பாக்டீரியாக்களில் எத்தனை இப்போது யார் கையிலாவது உயிரோடு இருக்கின்றன?

இன்று ‘கண்டுபிடிப்பு’ என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை டி.என்.ஏ. வழியாக வருபவை. சாணத்தையோ மாட்டின் முதல் இரைப்பையான ரூமனிலிருந்து எடுத்த திரவத்தையோ எடுத்து, அதில் உள்ள மொத்த டி.என்.ஏ.வையும் பிரித்து, துண்டு துண்டாகப் படித்து, எந்தத் துண்டு எந்த உயிருக்குச் சொந்தம் என்று கணினி சேர்த்துக் கொடுக்கும். 2018-இல் ஸ்காட்லாந்தில் 43 மாடுகளின் ரூமனிலிருந்து இப்படி 913 மரபணுத் தொகுப்புகளைக் கோத்தெடுத்தார்கள். பிரமாதமான வேலை. இதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனாலும், வாக்காளர் பட்டியலில் ஒருவர் பெயரைப் பார்ப்பதும் அவரை எதிரே உட்காரவைத்துப் பேசுவதும் ஒன்றாகுமா? எதைத் தின்கிறது, எதைக் கழிக்கிறது, எந்தச் சூட்டில் சுணங்குகிறது, பக்கத்தில் யார் இருந்தால்தான் வளர்கிறது என்பதை மரபணுவை வைத்து ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்ல அது கண்முன் வளர்ந்தாக வேண்டும்.

வளர்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். குடலுக்குள் வாழ்பவற்றில் பலவற்றுக்கு ஆக்சிஜன் விஷம். திறந்த தட்டில் தேய்த்தால் எது வளரக் கூடாதோ அதுதான் செழித்து வளரும், வேண்டியது செத்துப்போயிருக்கும். ரூமனுக்கு இந்தக் கதவைத் திறந்தவர் ராபர்ட் ஹங்கேட் என்ற அமெரிக்கர். கார்பன் டை ஆக்சைடை ஓடவிட்டுக் காற்றை விரட்டிய கண்ணாடிக் குழாய்களில், ரூமன் திரவத்தையே சேர்த்து மீடியா செய்து, மீடியாவைக் கூழாக்கும் அகார் உறையும் முன் குழாயை உருட்டி, உட்சுவரில் மெல்லிய படலமாகப் படியவைத்தார். அதில்தான் நார்ச்சத்தைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் தனித்தனிக் காலனிகளாக வந்தன. 1950-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் வழிமுறையைத்தான், சில மாற்றங்களோடு, நானும் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் மீடியாவில் ரெசசூரின் என்ற சாயம் ஒரு சொட்டு இருக்கும். குழாய்க்குள் ஆக்சிஜன் இருந்தால் இளஞ்சிவப்பு, போய்விட்டால் நிறமே இருக்காது. சூடாக்கி, வாயுவை ஓட்டி, மிச்ச ஆக்சிஜனைப் போக்கும் சிஸ்டீனைச் சேர்த்துவிட்டுக் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே நிற்போம். அடியிலிருந்து சிவப்பு வெளுத்து மேலே ஏறும். மேல் விளிம்பில் நூல் மாதிரி ஒரு சிவப்பு வளையம் மிச்சமிருந்தாலும் அந்தக் குழாயை எடுத்து வைத்துவிட வேண்டும். அவசரத்தில் ‘இவ்வளவுதானே’ என்று விட்ட குழாய்களில் எனக்கு ஒருநாளும் எதுவும் வளர்ந்ததில்லை.

2011-இல் ஒரு வெள்ளாட்டின் ரூமன் திரவம் வந்தது. காற்றுக்கு இடமில்லாமல் பிளாஸ்க்கில் விளிம்புவரை நிரப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். துணியில் வடிகட்டி, நீர்த்து, குழாய்களில் உருட்டி வைத்தோம். மூன்றாம் நாளே வழக்கமான காலனிகள் வந்துவிட்டன. எங்கள் பொறுப்பாளர் அடுத்த தொகுதிக்கு இடம் வேண்டும், பழையதைக் கொட்டிவிடு என்றார். ஒரு குழாய்க்கு மட்டும் மனசு வரவில்லை, தனியே எடுத்து வைத்தேன். 11-ஆம் நாள் அதன் சுவரில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்தது. கைரேகைக் கறை என்று நினைத்து வெளியே துடைத்தேன். போகவில்லை, உள்ளே இருந்தது. எடுத்து மறுபடி வளர்த்தேன், மறுபடி 11 நாள். மூன்று முறை அப்படிச் சுத்தம் செய்த பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கமா மாதிரி வளைந்த குச்சிகள், எல்லாம் ஒரே வடிவம். அன்று மதியம் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

பாக்டீரியாக்களை வகைப்படுத்த உதவும் 16எஸ் மரபணுவைப் படித்ததில் சுமார் 1,400 டி.என்.ஏ. எழுத்துகள் கிடைத்தன. தரவுத்தளத்தில் அதற்கு மிக நெருங்கிய உறவினரோடு 94 சதவீதம்தான் ஒத்துப்போனது. 98.7 சதவீதத்துக்குக் கீழே போனாலே புதிய இனமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது துறையில் உள்ள கணக்கு. 94 என்றால் புதிய பேரினமாகவே இருக்கலாம். பெயரிட வேண்டுமானால் இன்னும் பல சோதனைகள் பாக்கி. இரண்டு சிறு குப்பிகளில் உறையும்போது செல்கள் சாகாமல் காக்கும் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்தோம். இரண்டையும் ஒரே ஃப்ரீசரில்.

தொடர் விடுமுறை ஒன்றில் அந்த ஃப்ரீசரின் கம்ப்ரசர் நின்றுபோனது. எச்சரிக்கை மணியின் வயர் பல மாதங்களாகக் கழன்றே கிடந்திருக்கிறது. பழுது பார்க்கக் கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் என் மேசையில் இருந்தது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததும் தண்ணீர் காலில் கொட்டியது. எங்கள் குப்பிகள் இரண்டும் உருகித் தண்ணீராக இருந்தன. 14 குழாய்களில் போட்டு மூன்று வாரம் காத்திருந்தோம். ஒன்றிலும் வளரவில்லை. அதே மந்தையிலிருந்து நான்கு முறை மறுபடி திரவம் வாங்கி முயன்றோம். திரும்பக் கிடைக்கவேயில்லை.

அதன் 1,400 எழுத்துகள் இன்றும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. இரண்டு வருடம் கழித்து வேறொரு நாட்டு ஆய்வு மாணவி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, உயிரோடு வளர்த்த பாக்டீரியாவை, அதாவது கல்ச்சரை, அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதினார். முடியாது என்று பதில் அடித்தவள் நான்தான். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தப் பதில்தான், ஐயா.

உயிருள்ள கல்ச்சர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் துறையில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. சூபாபுல் என்ற சவுண்டல் மரத்தின் தழை நல்ல தீவனம். ஆனால் அதில் மைமோசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வயிற்றில் அது மாறி உண்டாகும் பொருள் தைராய்டைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் இதை அதிகம் தின்ற மாடுகள் முடி கொட்டி, கழுத்து வீங்கி, எடை குறைந்தன. ஹவாய் ஆடுகளோ அதே தழையைத் தின்று நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், வித்தியாசம் ஆட்டில் இல்லை, ஆட்டுக்குள் இருக்கும் பாக்டீரியாவில் இருக்க வேண்டும் என்று நினைத்தார். 1980களில் ஹவாய் ஆடுகளின் ரூமன் உயிரிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் மாடுகளுக்குள் செலுத்தினார்கள். மாடுகள் தேறின. அந்த உயிரிகளில் ஒன்றைத் தனித்துப் பிரித்து 1992-இல் அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். சர்க்கரையை அது தொடாது, அமினோ அமிலங்களிலும் அந்த நச்சுப் பொருளிலும் பிழைப்பது. வழக்கமான சர்க்கரை மீடியாவை மட்டும் நம்பியிருந்தால் அதன் காலனியைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. மாட்டுக்குள் செலுத்த வேண்டியது உயிருள்ள பாக்டீரியா. எழுத்து வரிசையைச் செலுத்த முடியாது.

புளித்த உணவுகள் பக்கம் வேலை கொஞ்சம் சுலபம். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் நல்ல மீடியா கொடுத்தால் இரண்டே நாளில் வெள்ளை வெளேரென்று வந்து நிற்கும். 1905-இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் ஜெனீவாவில் தயிரிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாதான் பல்கேரிக்கஸ் என்ற பெயரைச் சுமக்கிறது. இங்கே சிக்கல் வளர்ப்பதில் இல்லை, அது உண்மையிலேயே புதியதா என்று முடிவு செய்வதில். கொரியாவின் கிம்ச்சியிலிருந்து வைசெல்லா கிம்ச்சியை என்று 2002-இல் ஒரு புதிய இனம் அறிவித்தார்கள். அதே ஆண்டு இன்னொரு குழு வைசெல்லா சிபேரியா என்று ஒன்றை அறிவித்திருந்தது. 2004-இல் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டும் ஒன்றே. கிம்ச்சியை என்பது சிபேரியாவின் மறுபெயர் என்று ஒதுக்கப்பட்டது. இதில் யாருக்கும் அவமானமில்லை. அறிவியல் இப்படித்தான் நடக்க வேண்டும். இரண்டு குழுக்களும் தங்கள் பாக்டீரியாவின் மாதிரியை, பாக்டீரியாக்களை உயிரோடு சேமித்து வைக்கும் சேகரிப்பகத்தில் கொடுத்து வைத்திருந்ததால்தான் மூன்றாவது ஆள் வாங்கி ஒப்பிட முடிந்தது.

இதற்காகத்தான் விதியே இருக்கிறது. 2001 முதல், பாக்டீரியா ஒன்றுக்கு முறையான பெயர் வேண்டுமானால் அதன் உயிருள்ள மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு பொதுச் சேகரிப்பகங்களிலாவது ஒப்படைக்க வேண்டும். ஒன்றில் ஃப்ரீசர் பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும். எங்களுக்குத் தெரிந்த விதிதான். சோதனைகளை முடித்துவிட்டு அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டோம்.

இந்த விதியால் வளர்க்க முடியாதவற்றுக்குப் பெயரே கிடைப்பதில்லை என்ற மனக்குறை பலருக்கு உண்டு. நியாயமான குறைதான். அதனால் 2022-இல் மரபணுத் தொகுப்பையே மாதிரியாக ஏற்கும் தனி விதித்தொகுப்பு ஒன்று வந்தது. எபுலோபிசியம் என்று ஒன்று இருக்கிறது. செங்கடல் மீன் ஒன்றின் குடலில் வாழ்கிறது. அரை மில்லிமீட்டருக்கும் மேல் நீளும், வெறுங்கண்ணுக்கே தெரியும். 1985-இல் பார்த்தவர்கள் இவ்வளவு பெரியது பாக்டீரியாவாக இருக்காது என்றே நினைத்தார்கள். 1993-இல் மரபணுவைப் படித்துத்தான் அது பாக்டீரியா என்று தெரிந்தது. ஆய்வகத்தில் வளர மறுத்துவந்த உயிர் அது. அதைப் பற்றி இந்த உண்மை தெரிந்ததே டி.என்.ஏ. ஆய்வினால்தான். ஆகவே அந்த வழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்கிறேன். கரையான் குடலில் நெளியும், ஸ்பைரோகீட்டுகள் என்ற சுருள் வடிவ பாக்டீரியாக்களை 19-ஆம் நூற்றாண்டிலேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார்கள். அவற்றைத் தூய கல்ச்சராக வளர்த்தது 1999-இல். வளர்த்த பிறகுதான் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அசிடேட் உண்டாக்கும் திறன் அவற்றுக்கு இருப்பது தெரிந்தது. அத்தனை காலம் யாராவது ஒருவர் மீடியாவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தி, இந்தப் புதிய பாக்டீரியாக்களால் சர்க்கரை நோய், உடல்பருமன் எல்லாம் தீரலாம் என்று முடிந்தது. படித்தவுடன் என் உறவினர் ஒருவர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று போன் செய்தார். அக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்ற குடல் பாக்டீரியாவுக்கு நெதர்லாந்தில் பெயரிட்டது 2004-இல். குடலின் வழுவழுப்பான கோழையையே உணவாகக் கொண்டு வளர்வது அது. உடல் பருமனானவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த சிறு சோதனையின் முடிவு வந்தது 2019-இல். அதிலும் சோதனையை முடித்தவர்கள் 32 பேர்தான். மூன்று மாதம் கொடுத்ததில், சூடுபடுத்திச் செயலிழக்கச் செய்த வடிவத்தில் இன்சுலின் வேலை செய்வது சற்று மேம்பட்டது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் பெயரிலிருந்து அந்த 32 பேர் வரை வர 15 ஆண்டுகள் ஆயின. நேற்று கணினியில் தெரிந்த ஒன்றைப் பற்றி இன்று நோயாளிக்கு ஆசை காட்டுவது நல்லதில்லை. நோயோடு இருப்பவர்கள் பத்திரிகையை நம்பிப் படிக்கிறார்கள்.

தேனீயின் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவுக்கு 2013-இல் கில்லியமெல்லா என்று பெயர் வைத்தார்கள். தேனீக்களின் நுண்ணுயிர்களை ஆராய்ந்த மார்த்தா கில்லியம் அம்மையாரைக் கௌரவிக்க. அந்தச் செய்தியைப் படித்தபோது, மேசையில் உட்கார்ந்து செய்த வேலையை யாரோ நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தொண்டை அடைத்தது.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயமில்லை. அடுத்த முறை புதிய பாக்டீரியா என்று செய்தி வந்தால், ஆய்வாளரிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். வளர்த்தீர்களா, வளர்த்திருந்தால் எந்தெந்தச் சேகரிப்பகத்தில், எந்த எண்ணில் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று. பதிலை ஒரே வரியில் செய்தியோடு போட்டுவிடுங்கள். வளர்க்கவில்லை என்றால் அதையும் அப்படியே போடுங்கள். பத்திரிகையில் கேட்பார்கள் என்று தெரிந்தாலே, குப்பி ஒன்று தபாலில் சீக்கிரம் கிளம்பும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆய்வக டெக்னீஷியன்