வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு இன்னுமொரு மாதிரி வினாத்தாள் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிவிட்டால் நம் மலையகத்தில் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரை கருத்தரங்குப் பதாகை தொங்காத சந்தி கிடையாது. மண்டபம் நிறையப் பிள்ளைகள், மேடையில் ஒலிவாங்கியுடன் ஒருவர், ஒவ்வொரு மடியிலும் ஒரு கட்டு மாதிரி வினாத்தாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று சித்தியடைந்து நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போவது அந்தக் குடும்பத்துக்கே எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் அறிவேன். ஆகவே பரீட்சையையோ அதற்காகப் பாடுபடும் ஆசிரியர்களையோ குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு மடியிலிருக்கும் தாளைத் தடையின்றி வாசிக்க வராது. அது யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

நான் ஆரம்பப் பிரிவில் கற்பித்து ஓய்வுபெற்றவள். பின்னேரங்களில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பாடம் கேட்க என் வீட்டுக்கு வருவதுண்டு. அவர்களில் தரம் 5 படிக்கும் சிறுமி ஒருத்தி அண்மையில் ஒரு தாளை நீட்டினாள். கிரகித்தல் பகுதியில் பிழைக்குமேல் பிழை. பந்தி மிக எளியது: மழையில் ஓடைப் பாலம் அடித்துச் செல்லப்படுகிறது, அக்கரைக்கு வேலைக்குப் போன தந்தை திரும்பவில்லை, மகன் வாசலில் காத்திருக்கிறான். "சிறுவன் ஏன் கவலையடைந்தான்?" என்பது கேள்வி. "சிறுவன் கவலையுடன் வாசலில் அமர்ந்திருந்தான்" என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள். எப்படி இந்த விடை வந்தது என்று கேட்டேன். கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களாம்.

கேள்விகளைக் கையால் மறைத்துவிட்டு, பந்தியை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். "அடித்துச்செல்லப்பட்டிருந்தது" என்ற சொல்லின் நடுவில் நின்று, மறுபடி தொடக்கத்துக்குப் போனாள். வசனம் முடியும்போது அதன் முற்பகுதி அவளுக்கு நினைவில் இல்லை. பிறகு அதே பந்தியை நான் வாசித்துக் காட்டினேன். நான் முடிக்குமுன்பே, "பாலம் இல்லையே டீச்சர், அவனுடைய அப்பா எப்படி வருவார்?" என்று பதறினாள்.

அந்தப் பிள்ளைக்கு விளங்கும் ஆற்றலில் எந்தக் குறையும் இல்லை. குறை வாசிப்பில்தான் இருக்கிறது. அவளுக்கு வாரத்துக்கு மூன்று தாள் கொடுத்துத் திருத்தி, சிவப்புப் பேனாவால் முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று என்று போட்டு அனுப்புகிறோம். அந்தப் புள்ளியைப் பார்த்து அவளுடைய அம்மா, "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று முடிவு கட்டிவிட்டாள். எனக்கு ஆற்றாமையைத் தருவது இதுதான்.

பரீட்சையின் கணக்கையும் பாருங்கள். முதலாம் தாளில் 40 கேள்விகள், ஒரு மணித்தியாலம். இரண்டாம் தாளில் 60 கேள்விகள், ஒன்றேகால் மணித்தியாலம். அதாவது இரண்டாம் தாளில் ஒரு கேள்விக்கு 75 விநாடிகள். அதற்குள் வாசித்து, யோசித்து, எழுத வேண்டும். கணிதக் கேள்வியும் சுற்றாடல் கேள்வியும்கூட வசனங்களாகத்தான் வருகின்றன. எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு வாசிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. யோசிக்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இந்தக் குறையை நூறு மாதிரித் தாள்களாலும் தீர்க்க முடியாது. தாளில் இருப்பவை துண்டு துண்டான வரிகள். சரளம் வருவதற்கு நீளமாக, நிறைய வாசிக்க வேண்டும்.

வாசிப்புக்கு அத்திவாரம் முதன்மை நிலை ஒன்றிலும் இரண்டிலும், அதாவது தரம் 1 முதல் 4 வரையில், போடப்பட வேண்டியது. ஆனால் பல பாடசாலைகளில் நடப்பது என்ன? கெட்டிக்கார ஆசிரியரைத் தரம் 5க்குப் போடுகிறார்கள். வாயிலில் கட்டும் பதாகைக்குப் பெறுபேறு வேண்டும் அல்லவா? தரம் 1க்கும் 2க்கும் யார் கிடைக்கிறாரோ அவர். சில இடங்களில் இரண்டு வகுப்பை ஒருவரே பார்க்கிறார். எழுத்தின் முன்னால் நிற்கும் கொம்பைப் பின்னால் ஒலிக்க வேண்டும் என்பது ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரிய விடயம். பக்கத்தில் உட்கார்ந்து, விரல் பிடித்து, வாசிக்கக் கேட்க ஒருவர் தேவை. வீட்டில் அதற்கு ஆள் இல்லை. அம்மா விடியவே மலைக்குப் போகிறாள். பறிக்கும் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், என்ற பயத்தோடு நாள் முழுவதும் நின்றுவிட்டு, இருட்டும்போது வருகிறாள். பாட்டிமாரில் பலர் பள்ளிக்கூட வாசலையே காணாதவர்கள். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் வெளியே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளில்தான். அந்த இடைவெளியின் பாரம் இன்றைய பிள்ளையின் நாக்கிலும் இருக்கிறது.

பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கும்போது மேலதிக வகுப்புகளுக்கும் மாதிரித் தாள் விநியோகத்துக்கும் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடை விதிக்கிறது. நல்லதுதான். ஆனால் தரம் 3 முடியுமுன்பே பிள்ளையின் கையில் தாளைத் திணிப்பதை யாரும் தடுப்பதில்லை. அந்தத் தாளுக்கும் கருத்தரங்குக்கும் பஸ்ஸுக்கும் அம்மாவின் நாட்சம்பளத்திலிருந்துதான் காசு போகிறது.

வலயக் கல்வி அலுவலகங்களை நான் வேண்டுவது பெரிதல்ல. தரம் 2இலும் 3இலும் ஒவ்வொரு தவணையிலும் ஒவ்வொரு பிள்ளையையும் அது முன்பு பார்த்திராத அரைப்பக்கத்தை உரக்க வாசிக்க வைத்துக் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். யார் எங்கே தடக்குகிறார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து, தடக்கும் பிள்ளையை அந்த ஆண்டே பிடியுங்கள். தரம் 5இல் கண்டுபிடித்து என்ன பயன்? ஆசிரிய ஆலோசகர் பாடசாலைக்கு வரும்போது வினாத்தாள் கோப்பைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கொப்பியைக் கேட்கட்டும்.

அதிபர்களுக்கும் ஒன்று. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் தோரணம் கட்டிப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். மாதம் முடிந்ததும் புத்தக அலுமாரியைப் பூட்டித் திறப்பைக் காரியாலயத்தில் மாட்டிவிடுகிறோம். புத்தகம் கிழிந்துவிடும் என்ற பயம் எனக்கும் தெரியும். ஆனால் கணக்கெடுப்புக்கு ஒழுங்காக இருக்கும் புத்தகத்தைவிட, பத்துப் பிள்ளைகள் வாசித்துக் கிழித்த புத்தகம்தான் பாடசாலைக்கு வேலை செய்தது. ஒரு பாடவேளையாவது, கேள்வி எதுவும் கேட்காமல், பிள்ளைகளைச் சும்மா வாசிக்க விடுங்கள்.

கடைசியாக உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. தோட்டத்து வீடுகளுக்குள் நுழையும் அச்சுத் தமிழில் பத்திரிகைக்கு முக்கிய இடம் உண்டு. கடையில் சாமான் சுற்றிக் கொடுக்கும் தாளையும் விரித்து வாசிக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். நீங்கள் வெளியிடும் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளை வெட்டி ஒட்டிப் பயன்படுத்துகிறார்கள், அது தொடரட்டும். அதனுடன் வாரம் ஒருமுறை எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற ஒரு கதையைப் பெரிய எழுத்தில், அரைப்பக்கம் போடுங்கள். கதையின் அடியில் கேள்விகள் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
பொகவந்தலாவை.