தொழில் உளவியல் படிக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

சிகாகோ,
நவம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நலம். அப்பா, அம்மா, பாலக்கோட்டுப் பாட்டி எல்லாரும் நலந்தானே? போன ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். மார்ச் வரைக்கும் தர்மபுரிக்கும் இங்கேக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். அம்மா காலை ஏழரைக்குக் கூப்பிட்டால் இங்கே ராத்திரி எட்டு. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

பி.காம் முடித்துவிட்டு நீயும் இந்தப் படிப்புக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். "சைக்காலஜின்னா கவுன்சிலிங்தானே, அதுக்கு எதுக்கு அமெரிக்கா" என்று அப்பா சொன்னாராம். அப்பா கேட்டது நல்ல கேள்வி. இதைக் கவுன்சிலிங் என்று நினைத்து வந்து சேர்ந்து, முதல் செமஸ்டரிலேயே விழிப்பவர்கள் உண்டு. தொழில் மற்றும் நிறுவன உளவியலில் மாஸ்டர்ஸ் முடித்தவர் நோயாளியைப் பார்க்க முடியாது. இங்கே பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் இல்லாமல் 'சைக்காலஜிஸ்ட்' என்று பெயர்ப்பலகைகூட வைக்கக் கூடாது. இது வேலை, வேலைக்கு ஆள், அந்த ஆளை அளக்கும் அளவுகோல் ஆகியவற்றைப் பற்றிய படிப்பு. பாதிக்கு மேல் கணக்கு.

நம் ஊரை வைத்தே சொல்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியில் சீசனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள். பெல்ட்டில் வரும் பெங்களூரா மாங்காயில் அழுகலைப் பொறுக்கித் தள்ளுகிற வேலை. யாரை எடுப்பது? இந்தப் படிப்பில் கேள்வித்தாள் தயாரிப்பதற்கு முன்னால் வேலைப் பகுப்பாய்வு செய்யச் சொல்வார்கள். ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று பார்க்க வேண்டும். அந்த வேலையை நன்றாகச் செய்கிற ஏழெட்டுப் பேரிடம் தனித்தனியாகப் பேச வேண்டும். 'என்ன செய்கிறார், எதை வைத்து, எதற்காக' என்று ஒவ்வொரு பணியையும் ஒரே வாக்கியமாக எழுதி, எத்தனை முறை வருகிறது, தவறினால் எவ்வளவு நஷ்டம் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பணிக்கு என்ன அறிவு, என்ன திறன், என்ன உடல் வாகு வேண்டும் என்று இணைப்பது. சூப்பர்வைசரை மட்டும் கேட்டு முடித்துவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தப்பு. அவர் வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்வார். எப்படி நடக்கிறது என்பது பெல்ட்டில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். அமெரிக்கத் தொழிலாளர் துறை 'ஓநெட்' என்று ஒரு தகவல் தளத்தை இலவசமாகவே வைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கான தொழில்களுக்கு இந்தப் பட்டியல் அதில் இருக்கிறது. இப்போதே திறந்து பார்க்கலாம்.

அடுத்தது அளவு. நம்பகத்தன்மை, செல்லுபடித்தன்மை என்று இரண்டு சொல் வரும். தேர்வில் குழப்பியடிப்பார்கள். மண்டித் தராசு ஒவ்வொரு முறையும் சரியாக 50 கிராம் கூட்டிக் காட்டினால் அது நம்பகமானது. பத்து முறை வைத்தாலும் அதே எண். ஆனால் எடையைத் தப்பாகத்தான் சொல்கிறது. சரியான தராசாகவே இருந்தாலும் அது இனிப்பைச் சொல்லாது. இனிப்புக்கு ஃபேக்டரியில் பிரிக்ஸ் என்கிற சர்க்கரை அளவைப் பார்க்கிறார்கள். லாரியில் ஏறி நிறத்தைப் பார்த்து, அழுத்திப் பார்த்து விலை சொல்கிற வியாபாரியின் கணிப்பும் ஒரு அளவுதான். அவர் கணிப்பும் பிரிக்ஸ் எண்ணும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று கணக்குப் போட்டால் வருவதுதான் செல்லுபடிக் கெழு. பூஜ்யம் என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் அப்படியே பொருந்துகிறது.

ஆளை எடுக்கும் முறைக்கும் பின்னால் அவர் காட்டும் வேலைத்திறனுக்கும் இந்த எண் எவ்வளவு? இதில்தான் இந்தத் துறையின் சுவாரசியமான சண்டை இருக்கிறது. 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இருவர் அதற்கு முந்தைய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் முறை என்று கட்டமைத்த இன்டர்வியூவுக்கு 0.51, ஐக்யூ மாதிரியான பொதுவான அறிவுத்திறன் தேர்வுக்கும் 0.51, பேச்சுவாக்கில் கேட்கும் இன்டர்வியூவுக்கு 0.38. கையெழுத்தைப் பார்த்து குணம் சொல்வதற்கு 0.02, அதாவது ஒன்றுமில்லை. இருபது வருடத்துக்கு மேல் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இந்த அட்டவணைதான். 2022இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பால் சாக்கெட் குழு அதே மாதிரி ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டது. கட்டமைத்த இன்டர்வியூ 0.42க்கு இறங்கியது. அறிவுத்திறன் தேர்வு 0.31. பேச்சுவாக்கு இன்டர்வியூ 0.19.

ஏன் இறங்கியது? வியாபாரி வேண்டாமென்று ஒதுக்கிய மாங்காயை யாரும் பிழிந்து பார்ப்பதில்லை. வாங்கிய காய்களுக்குள் மட்டும் பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே தரம், அதனால் கணிப்புக்கும் பிரிக்ஸுக்கும் உள்ள தொடர்பு சின்னதாகத் தெரியும். ஆள் தேர்விலும் அப்படித்தான், எடுத்தவர்களின் வேலையை மட்டுமே பார்க்க முடியும். இதை வீச்சுக் குறுக்கம் என்று சொல்லலாம். அதைச் சரிக்கட்ட ஒரு சூத்திரம் உண்டு, அது எண்ணை மேலே தூக்கும். பல ஆய்வுகளில் அந்த அளவு குறுக்கம் இல்லாதபோதும் சூத்திரத்தைப் போட்டு எண்ணை ஊதிவிட்டார்கள் என்பதுதான் சாக்கெட் குழுவின் வாதம். இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. ஒன்று மட்டும் மாறவில்லை: கட்டமைத்த இன்டர்வியூ பேச்சுவாக்கு இன்டர்வியூவை இரண்டு கணக்கிலும் ஜெயிக்கிறது. 0.42ஐ வர்க்கப்படுத்தினால் சுமார் 0.18. ஆக, நல்ல இன்டர்வியூகூட ஆளுக்கு ஆள் வேலைத்திறனில் உள்ள வேறுபாட்டில் 18 சதவீதத்தைத்தான் விளக்குகிறது. 'பார்த்த உடனே ஆளைச் சொல்லிவிடுவேன்' என்று மீசை முறுக்குகிற மேனேஜர்களிடம் இதைச் சொல்லிப் பார், சண்டைக்கு வருவார்கள்.

கட்டமைத்த இன்டர்வியூ செய்வது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். வேலைப் பகுப்பாய்வில் கிடைத்த திறன்களிலிருந்து ஆறு முதல் எட்டுக் கேள்வி. எல்லாருக்கும் அதே சொல், அதே வரிசை. ஒவ்வொரு கேள்விக்கும் 1, 3, 5 மதிப்பெண்ணுக்கு எந்த மாதிரிப் பதில் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கேட்பவர் இருவர். பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மூத்தவர் முதலில் வாயைத் திறந்தால் இளையவர் எண் தானாக அந்தப் பக்கம் சாயும்.

சட்டமும் படிக்க வேண்டும். வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் 1964 குடிமை உரிமைகள் சட்டம், 1971இல் டியூக் பவர் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஆள் தேர்வு முறைகளுக்கு 1978இல் வந்த சீரான வழிகாட்டு நெறிகள். அதில் ஐந்தில் நாலு விதி என்று ஒன்று. 100 ஆண்கள் விண்ணப்பித்து 60 பேர் தேர்வு, 80 பெண்கள் விண்ணப்பித்து 36 பேர் தேர்வு என்றால், ஆண்களுக்கு 60 சதவீதம், பெண்களுக்கு 45. நாற்பத்தைந்தை அறுபதால் வகுத்தால் 0.75. அது 0.80க்குக் கீழே, ஆகவே தேர்வு முறை ஒரு பிரிவைப் பாதிக்கிறது என்று சந்தேகம் எழும். அந்தத் தேர்வு வேலைக்குச் சம்பந்தமானது என்று நிரூபிப்பது பிறகு கம்பெனியின் பாடு. டியூக் பவர் வழக்கில் ஹைஸ்கூல் சான்றிதழ் கேட்டது அப்படித்தான் அடிபட்டது. நம் பக்கம் எல்லா வேலைக்கும் 'டிகிரி கட்டாயம்' என்று போடுகிறார்களே, அந்த விளம்பரங்களைப் படிக்கும்போது இந்த வழக்குதான் நினைவுக்கு வரும்.

சர்வே எழுதுவதும் ஒரு பாடம். ஓசூர் சிப்காட்டில் ஒரே லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுகிறவர்கள் நிற்பார்கள். கேள்வியை மொழிபெயர்த்தால் போதாது. இன்னொருவர் அதை மூலத்தைப் பார்க்காமல் திருப்பி மொழிபெயர்த்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். 'என் சூப்பர்வைசர் நியாயமாகவும் வேகமாகவும் முடிவெடுக்கிறார்' என்று கேட்கவே கூடாது. நியாயமானவர், ஆனால் மந்தம் என்றால் எதை டிக் செய்வது? ஐந்து பேருக்கும் குறைவான குழுவின் முடிவைத் தனியாகக் காட்டவும் கூடாது. யார் என்ன சொன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அடுத்த வருடம் எல்லாரும் 'ரொம்ப நன்று' என்றே போடுவார்கள்.

இங்கே பிங்க் லைன் ரயிலில் சிசரோ போனால், இந்தப் படிப்பில் அடிக்கடி வரும் ஹாதார்ன் ஆலை இருந்த இடம். 1924 முதல் 1932 வரை வெளிச்சம், ஓய்வு நேரம், கூலி என்று மாற்றி மாற்றிச் சோதனை செய்த டெலிபோன் கருவி ஆலை. 1983இல் மூடிவிட்டார்கள். ஒரு கோபுரம் மட்டும் நிற்கிறது, சுற்றிலும் கடைகள். 'கவனித்தாலே உற்பத்தி கூடும்' என்று பாடப்புத்தகம் சொல்லும். அசலில் ரிலே பூட்டும் அறையில் இருந்த சில பெண்களுக்குச் சின்னக் குழுவாகக் கூலி கணக்கிட்டார்கள், நடுவில் இரண்டு பேரை மாற்றவும் செய்தார்கள். எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது? நல்ல பேராசிரியர் இதை முதல் வாரமே கேட்பார்.

இனி நீ செய்ய வேண்டியது. படிப்பு இரண்டு வருடம், பொதுவாக 36 முதல் 48 கிரெடிட். முதல் செமஸ்டரில் புள்ளியியலும் ஆய்வு முறையும். அதில் ரிக்ரஷன், அதாவது ஒரு எண்ணை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் முறை, புரியாமல் போனால் பின்னால் வரும் அளவியல், ஆள் தேர்வு இரண்டுமே தடுக்கும். புள்ளியியலுக்கான 'ஆர்' மென்பொருள் இலவசம். தினம் அரை மணி நேரம், ஆறு மாதம், அங்கேயே பழகிக்கொள். சராசரி மதிப்பெண் நாலுக்கு 3.0க்குக் கீழே போனால் எச்சரிக்கைக் கடிதம் வரும். மூன்று வருட டிகிரியைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்காது. சைக்காலஜி அறிமுகம், புள்ளியியல், ஆய்வு முறை மூன்றும் படித்திருக்கிறாயா என்று கேட்பார்கள். ஜிஆர்இ நுழைவுத் தேர்வு பல இடங்களில் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

பணத்துக்கு முன்னால் ஒரு எண்ணைப் பார். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பாடப்பிரிவுக் குறியீடு இருக்கும். 42.2804 என்றால் தொழில் உளவியல். 2022 ஜனவரியில் இதை ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளின் பட்டியலில் சேர்த்தார்கள். படிப்பு முடிந்து 12 மாதம் வேலை அனுமதி, ஸ்டெம் என்றால் மேலும் 24 மாதம். அதே பாடத்தை 42.0101, அதாவது பொது உளவியல் என்று பதிந்திருக்கிற துறைகளும் உண்டு. அங்கே அந்த 24 மாதம் கிடைக்காது. சான்றிதழில் என்ன பெயர் அச்சடித்தாலும் குறியீடுதான் பேசும். சேருவதற்கு முன் ஈமெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். இதைப் பார்க்காமல் நிலப் பத்திரத்தை பேங்கில் வைக்க அப்பாவை விடாதே.

பி.எச்டி.க்குக் கட்டண விலக்கும் மாதச் செலவும் பெரும்பாலும் கிடைக்கும். மாஸ்டர்ஸுக்கு அநேகமாகக் கிடையாது. செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வெளியே அனுமதியில்லாமல் ஒரு மணி நேரம் செய்தாலும் விசா போய்விடும். இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடி என்று அனுமதி உண்டு, முதல் கல்வியாண்டு முடிந்த பிறகு. அதை முழுநேரமாக 12 மாதம் செய்துவிட்டால் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கைவிட்டுப் போகும். அந்த அனுமதிக் காலத்தில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாள் தாண்டக் கூடாது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் கிளம்பும் மாதத்தில் பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஆபீஸில் திரும்பக் கேள். வேலை தேடும்போது 'சைக்காலஜிஸ்ட்' என்று தேடினால் எதுவும் வராது. 'பீப்பிள் அனலிடிக்ஸ்', 'டேலண்ட் அசெஸ்மென்ட்', 'செலக்‌ஷன்' என்று தேடு.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். டெவான் அவென்யூவில் ராகி மாவு கிடைக்கிறது. களி கிண்டலாம், ஆனால் கேஸ் அடுப்பில்லாத அபார்ட்மென்டில் கரண்ட் அடுப்பு சீக்கிரம் தணியாது, அடி பிடிக்கும். பாதியில் இறக்கி வைத்துக் கிண்டினால் சரியாக வரும்.

நீ உடனே செய்ய வேண்டியது ஒன்று. பி.காம் சிலபஸில் பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் இருக்கிறதல்லவா? அதன் பக்கங்களை, எத்தனை கிரெடிட் என்று தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்து அனுப்பு. முன்தகுதிப் பாடமாக அதை ஏற்பார்களா என்று விண்ணப்பிப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடலாம்.

அன்புடன்,
அக்கா