வைத்த எடை, வந்த எடை

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது மனசிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் ஒரு பெரிய கடைக்காரர்கள் உன் சத்துமாவையும் ஜவ்வரிசி வடகத்தையும் எல்லாக் கிளைகளிலும் வைக்கத் தயார் என்கிறார்கள், முதல் சரக்குக்கே நாலரை லட்சம் தேவைப்படும், பணம் 90 நாள் கழித்துத்தான் வரும், நகையை அடகு வைக்கட்டுமா என்றாய். அப்பா, "அவள் தொழில், அவளே முடிவு செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலைக்கு நடுவில் பாதி படித்துவிட்டு மூடிவிடுவாய். அதனால் தாளில் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

நீ தினமும் காலையில் கேட்கும் அந்த வெற்றிப் பேச்சுகளை நானும் சிலவற்றைக் கேட்டேன். பெரிதாக ஆசைப்படு, விடியும் முன் எழு, நினைத்தது நடந்துவிட்டதாகவே நம்பு என்கிறார்கள். கெடுதலாக ஒன்றும் இல்லை. நம்பிக்கை இல்லாமல் யாராலும் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்க முடியாது. உனக்கு அது நிறைய இருக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த நம்பிக்கையைத் தினமும் எந்த வேலையில் போடுவது என்று அவர்கள் சொல்வதில்லை. சேலம் சிவதாபுரத்தில் இத்தனை வருடமாகக் கொலுசுப் பட்டறைக் கணக்கை எழுதிவரும் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று முதலில் பிரிக்க வேண்டும். கையில் இருப்பதை ஒரு நாளும் விடக் கூடாது.

நம் பட்டறை எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் அதைத் தொழில்காரியின் கண்ணால் நீ பார்த்ததில்லை. செவ்வாப்பேட்டை வியாபாரி கட்டி வெள்ளியை எடை போட்டுத் தருகிறார். நாம் உருக்கி, சொன்ன டச்சுக்கு, அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்குக்கு, செம்பு சேர்த்து, கம்பி இழுத்து, வளையம் கோத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, மெருகு போட்டு அதே வெள்ளியைக் கொலுசாகத் திருப்பித் தருகிறோம். வெள்ளிக்கு வெள்ளியாகவே கணக்கு. நமக்கு வருவது கூலி மட்டும். வெள்ளி விலை காலையில் ஏறினாலும் சாயங்காலம் இறங்கினாலும், நம் பெட்டியில் இருக்கும் வெள்ளி நம்முடையது இல்லை என்பதால் அந்த லாபமும் நமக்கு இல்லை, நஷ்டமும் இல்லை.

இதைப் பார்த்துச் சலித்துப்போய், கூலியில் என்ன கிடைத்துவிடும் என்று விலையில் இறங்கியவர்கள் உண்டு. 2011 ஏப்ரலில் வெள்ளி கிலோ 70,000 ரூபாயைத் தாண்டியபோது ஊரே அதைத்தான் பேசியது. நம் பக்கத்தில் ஒருவர் கடன் வாங்கி வெள்ளி வாங்கி வைத்தார். மே மாதம் பிறந்த முதல் வாரத்திலேயே விலை சரிந்தது, அவர் பட்டறையும் கையை விட்டுப் போனது. உலகத்துப் பெரிய பணக்காரர்களுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் டெக்சஸைச் சேர்ந்த ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்தார்கள். 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் 50 டாலர் வரை போனது, மார்ச் 27ஆம் தேதி 11 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. அவர்களுக்கு இல்லாத தைரியமா, இல்லாத பெரிய ஆசையா? விலை அவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான்.

நம்மூர்க்காரர் அப்புறம் என்ன செய்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஆறு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பிறகு வேறொருவர் பட்டறையில் கூலிக்குக் கம்பி இழுக்கப் போனார். அவர் தரும் எடையும் டச்சும் என்றைக்கும் சரியாக இருக்கும் என்று தெரிந்த வியாபாரி ஒருவர் அவரை நம்பி மறுபடியும் வெள்ளி கொடுத்தார். பணம் போனவருக்குத் திரும்ப எழுந்து நிற்க அது போதுமாக இருந்தது.

கூலியோடு இருப்பவர்களுக்குக் கஷ்டமே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. 2025இல் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி, வருடம் முடிவதற்குள் இரண்டு லட்சத்தையும் தாண்டியதே, அப்போது கொலுசு வாங்க வருபவர்கள் குறைந்தார்கள், நமக்கும் வேலை குறைந்தது. வேலை நிறைய இருந்த மாதங்களில் எடுத்து வைத்திருந்ததை வைத்துத்தான் ஆட்களை அனுப்பாமல் சமாளித்தோம். உன்னுடைய கணக்கில் அப்படி எடுத்து வைத்த பணம் எவ்வளவு என்று கேட்டேன். நீ பேச்சை மாற்றிவிட்டாய். நாலு மாதம் விற்பனையே இல்லாவிட்டாலும் வாடகையும் அந்த இரண்டு பெண்களின் சம்பளமும் கொடுக்க முடிகிற அளவுக்கு அது சேர வேண்டும். பெரிய கடை அதற்குப் பிறகு வரட்டும்.

பெட்டியில் இருக்கும் வெள்ளி நம்முடையது இல்லை என்றேன் அல்லவா, உன் வங்கிக் கணக்கிலும் அப்படித்தான் நிறைய இருக்கிறது. வாடிக்கையாளரிடம் வாங்கிய ஜி.எஸ்.டி. அரசாங்கத்துடையது. முன்பணம் கட்டியவர்களுக்குச் சரக்கு போய்ச் சேரும் வரை அது அவர்களுடையது. ராகி கொடுத்தவருக்குக் கொடுக்க வேண்டியது அவருடையது. இவ்வளவும் ஒரே கணக்கில் கிடந்தால் பாக்கி பெரிதாகத் தெரியும், கை தாராளமாகும். தனிக் கணக்கு ஒன்று திறந்து, பணம் வந்த அன்றே அடுத்தவர் பங்கை அதில் மாற்றிவிடு. மிச்சம் இருப்பதைப் பார்த்து மட்டும் செலவு செய். இதைச் செய்த முதல் மாதம் மனசுக்குச் சங்கடமாக இருக்கும், ஏனென்றால் உண்மையில் உன்னிடம் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். தெரியட்டும்.

அடுத்தது தினசரிப் பழக்கம். எத்தனை மணிக்கு எழுகிறாய் என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. எப்படிக் கடையைக் கட்டுகிறாய் என்பதில் இருக்கிறது. பட்டறையில் காலையில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் கம்பியை எடை போட்டு எழுதுகிறோம், சாயங்காலம் அவர்கள் கொடுப்பதை எடை போட்டு எழுதுகிறோம். வைத்த எடை, வந்த எடை, நடுவில் சேதாரம். தரையைக் கூட்டிய தூசியைக்கூடச் சேர்த்து வைத்து, அதிலிருந்து வெள்ளி எடுப்பவர்களுக்கு விற்கிறோம். யாரையும் சந்தேகப்பட்டு இதைச் செய்வதில்லை. அன்றன்றைக்கே பார்த்தால் இரண்டு கிராம் எங்கே போனது என்று கண்டுபிடித்துவிடலாம், மாதக் கடைசியில் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது, அப்போதுதான் சந்தேகமும் சண்டையும் வரும். நீயும் இரவில் போனை எடுக்கும் முன் எத்தனை கிலோ மாவு அரைத்தது, எத்தனை பாக்கெட் ஆனது, எத்தனை போனது, எவ்வளவு பணம் வந்தது, யார் என்ன குறை சொன்னார்கள் என்று எழுது. கால் மணி நேரம் ஆகும். ஒரு கோடி என்று சுவரில் ஒட்டியிருக்கிறாயே, அது இருக்கட்டும், நான் கிழிக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழே இந்த மாதம் ஒரு தடவை வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் தடவை வாங்கினார்கள் என்ற எண்ணையும் எழுதி ஒட்டு. நீ தினமும் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

நேரத்தைப் பற்றி ஒன்று. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடக்கும்போதெல்லாம் தாத்தா டி.ஆர். சுந்தரத்தைப் பற்றிச் சொல்வார், நினைவிருக்கிறதா? 1935இல் நம் ஊரில் ஸ்டுடியோ தொடங்கி, அந்த நிறுவனத்தின் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. எவ்வளவு பெரிய நடிகரானாலும் நேரத்துக்கு வர வேண்டும், சொன்ன செலவுக்குள் படம் முடிய வேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு ஊர் அறிந்தது. நீ வியாழக்கிழமை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை அனுப்புகிறாய். மாவு நன்றாக இருந்தாலும், அடுத்த தடவை அவர்கள் வேறு யாரையாவது கேட்பார்கள்.

இப்போது கொஞ்சம் கடுமையாகச் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. புது பாக்கெட்டின் படத்தை அனுப்பினாயே, முன்பக்கம் முழுக்க ராகிக் கதிரும் கம்பும். பின்பக்கம் பொருள் பட்டியலில் முதலில் இருப்பது கோதுமை. எடையில் அதிகமாக இருப்பதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம், அதை ஒழுங்காகச் செய்திருக்கிறாய். அப்படியானால் முன்பக்கப் படம் என்ன சொல்கிறது? நம் தொழிலில் 80 டச் என்று சொல்லி 75 கொடுப்பது இதுதான். முன்பு உரைகல்லில் உரைத்துப் பார்த்தார்கள், இப்போது மெஷினில் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் காட்டிவிடுகிறது. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் தனித்தனி எண்ணோடு ஹால்மார்க் வந்துவிட்டது. இன்னும் கட்டாயமாக்கவில்லை. அந்தச் செய்தி வந்தபோது சில பட்டறைகளில் பதற்றம், அப்பா மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். படத்தை மாற்று, அல்லது ராகியைக் கூட்டு. அச்சடித்த கவர் வீணாகிறதே என்று யோசிக்காதே.

நீ வடகத்துக்கு வாங்கும் ஜவ்வரிசிக்கே ஒரு வரலாறு இருக்கிறது, அதையும் கேள். இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றுபோனது. சேலத்து மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த, அந்தத் தொழில் தெரிந்த பொபட்லால் ஷாவும் சேர்ந்து 1943 வாக்கில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து இங்கேயே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். குடிசைத் தொழிலாகக் கையால் செய்ததுதான். போரை அவர்களால் நிறுத்த முடியாது, கிழங்கு கையில் இருந்தது. பிற்பாடு ஆலைகள் பெருகின, ஆனால் தனித்தனியாக நின்று சரக்கை இருப்பு வைக்கவும் நல்ல விலை கேட்கவும் முடியவில்லை. 1981இல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நடுவில் எத்தனை வருடம் என்று பார். உன் தெருவிலேயே ஊறுகாய் போடும் அம்மா, முறுக்கு சுடும் அக்கா என்று இருப்பதாகச் சொன்னாய். அவர்களைப் போட்டியாகப் பார்க்கிறாய். மூன்று பேரும் சேர்ந்து ஒரே வண்டியில் சரக்கு அனுப்பினால் செலவு எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாயா?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நகையை வைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, அது உன் நகை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும், பணம் 90 நாள் அடுத்தவர் கையில் இருக்கும், விற்காத சரக்கு திரும்பி வந்தால் வடகம் நமத்துப்போயிருக்கும். இந்த மூன்றும் உன் கையில் இல்லை. நம் ஆடிட்டரிடம் கேட்டேன். உத்யம் என்று சிறு தொழில்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பதிவு உள்ள சிறு தயாரிப்பாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் இருக்கிறதாம். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். அந்தத் தவணைக்குள் கொடுக்காமல் இழுத்தால், கொடுக்கும் வரை அந்தத் தொகையை அவர்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்றும் வந்திருக்கிறதாம். நீ இன்னும் உத்யம் பதிவு செய்யவில்லை. கட்டணம் கிடையாது, இந்த வாரமே செய். சட்டத்தைக் காட்டிப் பெரிய கடையோடு சண்டை போடச் சொல்லவில்லை, சண்டை போட்டால் அடுத்த ஆர்டர் வராது. முதலிலேயே கேட்டுவிடு. இரண்டு கிளைக்கு மட்டும் தருகிறேன், 45 நாளில் பணம், திரும்பி வரும் சரக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கொடுங்கள் என்று கேள். கையில் இருக்கும் பணத்தில் முடிகிற அளவு சரக்கு போதும். ஒத்துக்கொண்டால் நல்லது. முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வா. அன்றைக்கு ராத்திரி மனசு கனக்கும், நான் தோற்றுவிட்டேன் என்று தோன்றும். அப்போதும் நோட்டை எடுத்து அன்றைய கணக்கை எழுதிவிட்டுப் படு.

வேளைக்குச் சாப்பிடு. வாரத்தில் ஒரு நாள் மாவு மெஷினையும் ஓட்டாதே, போனையும் எடுக்காதே. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டாயம் வா, அந்த நோட்டையும் கொண்டு வா, அப்பா பார்க்க ஆசைப்படுகிறார்.

நீ கேட்ட 50 கிலோ ஜவ்வரிசியை வெள்ளிக்கிழமை பார்சல் லாரியில் ஏற்றிவிட்டோம். பில் மூட்டைக்குள் இருக்கிறது. லாரி வாடகையையும் அதில் சேர்த்திருக்கிறேன். அம்மா வீட்டுச் சரக்கு என்று வடகத்தின் அடக்க விலையில் சேர்க்காமல் விட்டுவிடாதே. பணத்தை அப்பாவின் பட்டறைக் கணக்குக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா