மார்பகப் புற்றுநோயாளியிடம் மதுவை மில்லிக் கணக்கில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண் மது அருந்தலாமா என்ற கேள்விக்கு ‘அறவே கூடாது’ என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. பதில் சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு கேட்டவர் என்ன செய்வார்? தினமும் குடித்து வந்தவர் அந்த வரியைப் படித்துவிட்டு ஆபரேஷனுக்கு முதல் நாள் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆல்கஹால் உள்ள ஆயுர்வேத மருந்தான அரிஷ்டம் குடிப்பவருக்கோ அது தன்னைப் பற்றிய பேச்சு என்றே தோன்றாது.

முதல் சிக்கல், இங்கே பெண்களிடம் இதை யாரும் கேட்பதில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் மது அருந்துவோர் சுமார் 1 சதவீதம். வாய்விட்டுச் சொன்னவர்களின் கணக்கு அது. துணைக்கு வந்த மகனின் எதிரில் ‘குடிப்பீர்களாம்மா’ என்று கேட்க டாக்டருக்குக் கூச்சம். ‘ஆமாம்’ என்று சொல்ல அந்த அம்மாவுக்கும் கூச்சம். கேஸ் ஷீட்டில் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். சளிக்கு பிராந்தி, சித்தாள் வேலை முடிந்து உடம்பு வலிக்கு ஒரு கட்டிங், ‘ரத்தம் ஊறும்’ என்று ரெட் ஒயின், வார இறுதி பீர் எதுவும் அந்த ‘இல்லை’க்குள் வருவதில்லை. ரெட் ஒயினால் ரத்தம் ஊறாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

அளவைப் பேச ஒரு கணக்குப் போதும். மில்லியை லேபிளில் உள்ள சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் சுத்த ஆல்கஹால் எத்தனை கிராம் என்று வரும். 42.8 சதவீத பிராந்தியிலோ விஸ்கியிலோ 30 மில்லி என்றால் 10 கிராம். 90 மில்லி கட்டிங் 30 கிராம். 180 மில்லி குவார்ட்டர் 60 கிராம். 650 மில்லி பீர் 5 சதவீதம் என்றால் 26 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 41 கிராம். 12 சதவீத ஒயின் 150 மில்லியில் 14 கிராம். ‘பீர்தானே’ என்பவர்கள் பீருக்கான அந்த இரண்டு எண்களைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் மதுபானங்களை 1988-லேயே வைத்தது. மது உண்டாக்கும் புற்றுநோய்களின் பட்டியலில் 2007-ல் மார்பகத்தையும் சேர்த்தது. ஆல்கஹால் உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறி மரபணுவைச் சேதப்படுத்துகிறது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனையும் கூட்டுகிறது. தினசரி அளவு 10 கிராம் கூடினால் நோய் வரும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் உயர்கிறது. ஏற்கெனவே உள்ள வாய்ப்பின் மேல் ஏறும் சதவீதம் இது. நூறு பேரில் பத்துப் பேருக்கு நோய் வரும் என்று படித்துவிடக் கூடாது.

நோய் வந்த பிறகு குடித்தால் அது திரும்புமா? இங்கே ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 1,897 பெண்களைத் தொடர்ந்து, பெரும்பாலும் வடக்கு கலிஃபோர்னியாவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 6 கிராமும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு 35 சதவீதம் கூடுதல். மாதவிடாய் நின்றவர்களிடமும் உடல் எடை கூடியவர்களிடமும் இது தெளிவாகத் தெரிந்தது. நாளுக்கு 6 கிராம் என்பது வாரத்துக்கு 42 கிராம், அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர். ஆனால் அதே வட்டாரத்தில் 3,659 பெண்களைப் பார்த்து 2023-ல் வெளியான ஆய்வில் மொத்தத்தில் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை. மறு மார்பகத்தில் புதிதாக வரும் புற்றுநோயைப் பற்றிய எச்சரிக்கை இதைவிட அழுத்தமானது: முதல் கட்டி ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவாக (ஈஸ்ட்ரோஜன் தூண்டி வளரும் வகையாக) இருந்த பெண்களிடம் சியாட்டில் பகுதியில் நடந்த 2009 ஆய்வில், வாரத்துக்கு ஏழு டிரிங்க் (ஒரு டிரிங்க் அமெரிக்கக் கணக்கில் சுமார் 14 கிராம்) அல்லது அதற்கு மேல் குடித்தவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே குறைப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ் குடித்ததால்தான் நோய் திரும்பியது என்று ஒரு பெண்ணைக் குத்திக்காட்ட எவருக்கும் ஆதாரம் இல்லை. உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிகிச்சையின் போது நிலைமை வேறு. அங்கே கேள்வி வருடக் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில் இருக்கிறது.

தினமும் கட்டிங் அளவோ அதற்கு மேலோ குடிப்பவர் திடீரென நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றலும் மாயத் தோற்றங்களும் வரலாம். மார்பகத்தை எடுத்த பெண் வார்டில் படுத்திருக்கும் நாட்கள் இவைதாம். மது விவரம் தெரியாவிட்டால் ‘மயக்க மருந்தின் விளைவு’ என்றோ ‘கிருமித் தொற்று’ என்றோ நினைத்து நேரம் போய்விடும். மயக்க மருந்து டாக்டர் பார்க்கும்போது எத்தனை மில்லி, எத்தனை வருடம், கடைசியாக எப்போது என்று சொல்லிவிட்டால் இந்த நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் குளோர்டயாசிபாக்சைடு போன்ற மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள். ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்த முடிந்தால் புண் ஆறுவதிலும் தொற்றிலும் நல்ல பலன் கிடைக்கும். அதற்காகப் புற்றுநோய் ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை.

கீமோவில் டாக்ஸோரூபிசினும் பாக்லிடாக்ஸலும் டோசிடாக்ஸலும் பெரும்பாலும் கல்லீரல் வழியாக வெளியேறுபவை. தொடர்ந்து குடிப்பவருக்குக் கல்லீரல் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிலிருபின் அளவுகள் ஏறினால் டோஸைக் குறைக்கவோ அந்தச் சுற்றைத் தள்ளிவைக்கவோ நேரும். டாக்ஸோரூபிசினும், சில வகை மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் ட்ராஸ்டுசுமாப் ஊசியும் இதயத் தசையைப் பாதிக்கக்கூடியவை. அளவு மீறிய குடியும் அதே தசையைத்தான் தாக்கும். வாய்ப்புண் வந்தவர் சாராயம் கலந்த மவுத்வாஷைத் தொடவே வேண்டாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் ஆப்பசோடாவும் அதில் பாதி உப்பும் கரைத்துக் கொப்பளித்தால் போதும்.

பாக்லிடாக்ஸல் ஊசி மருந்திலேயே ஆல்கஹால் இருக்கிறது. மருந்து தண்ணீரில் கரையாது என்பதால் பாதியளவு ஆல்கஹாலில்தான் தயாரிக்கிறார்கள். நடுத்தர உடல்வாகுள்ள பெண்ணுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் டோஸில் சுமார் 18 கிராம், வாராந்திர டோஸில் சுமார் 8 கிராம் உடலில் இறங்குகிறது. அதற்கு முன் போடும் அலர்ஜி ஊசியும் தூக்கத்தைக் கொண்டுவரும். அன்றைக்கு ஸ்கூட்டியில் தனியாக வீடு திரும்பக் கூடாது. குடியை நிறுத்த டைசல்பிராம் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும்; ஊசியில் உள்ள ஆல்கஹாலே முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும் எதிர்வினையைக் கிளப்பக்கூடும். மீண்டும் குடிக்கத் தூண்டிவிடுமோ என்று அஞ்சுபவருக்கும், மத நம்பிக்கையால் தயங்குபவருக்கும் ஆல்கஹால் இல்லாத நானோ பாக்லிடாக்ஸல் உண்டு. விலை கூடுதல். இதைக் காரணம் காட்டி ஊசியையே மறுத்துவிடக் கூடாது.

பிறகு 5 முதல் 10 வருட ஹார்மோன் மாத்திரை. டமாக்சிஃபென் 20 மில்லிகிராம் மாத்திரையோடு மது நேரடியாக மோதுவதில்லை. ஆனால் டமாக்சிஃபென் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை ஏற்றும். மதுவும் இதே இரண்டையும் செய்யும். குடித்தால் குப்பென்று உடல் சூடாவதும் சிலருக்கு அதிகமாகலாம். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்ற மற்ற ஹார்மோன் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு எலும்பு தேய்கிறது. மது அதை விரைவுபடுத்துவதோடு கால் இடறவும் வைக்கும். தூக்க மாத்திரை, வலி மருந்துகளான கேபாபென்டின், ட்ரமடால், மார்ஃபின் இவற்றோடு ஒரு பெக் கூட வேண்டாம். மூச்சு மந்தமாகிவிடும்.

அரிஷ்டத்துக்கு வருவோம். தசமூலாரிஷ்டம், அசோகாரிஷ்டம், திராட்சாரிஷ்டம் எல்லாம் புளிக்கவைத்துத் தயாரிப்பவை. தானே உருவாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் என்று லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும். 10 சதவீத மருந்தை 30 மில்லி வீதம் இருவேளை குடித்தால் நாளுக்கு 4.7 கிராம், வாரத்துக்கு 33 கிராம்: கட்டிங்கைவிடச் சற்றுக் கூடுதல். கீமோ களைப்புக்கு வீட்டார் அன்போடு வாங்கி ஊற்றுவது பெரும்பாலும் இதைத்தான். பாட்டிலை டாக்டரிடம் காட்டாமல் குடிக்க வேண்டாம். ஹோமியோபதியில் பத்துச் சொட்டு, தோசை மாவு, பழைய சோறு இவற்றிலுள்ள ஆல்கஹால் கணக்கிலேயே வராது. வெள்ளணு குறைந்த நாட்களில் பழைய சோற்றைத் தவிர்க்கச் சொல்வது கிருமிக்காக.

மருத்துவமனைகளிடம் எங்கள் கோரிக்கை சிறியது. உறவினரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, செவிலியர் தனியாக மூன்று கேள்விகள் கேட்கட்டும்: என்ன குடிப்பீர்கள், அரிஷ்டம், டானிக் உட்பட? ஒரு தடவைக்கு எத்தனை மில்லி, வாரத்துக்கு எத்தனை தடவை? கடைசியாக எப்போது? பதிலை கிராமாக்கிக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், அலர்ஜி விவரத்துக்குக் கீழே எழுதட்டும். முதல் கீமோவுக்கு முன்பும், ஹார்மோன் மாத்திரை தொடங்கும்போதும் மீண்டும் கேட்கட்டும். நிறுத்த உதவி தேவைப்படுபவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அன்றே அனுப்பலாம்; அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
புற்றுநோய் சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர்,
மதுரை