அந்தப் பன்னிரண்டு பெயர்களை எழுதி வையுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களுக்கும், அந்தக் கல்லூரிகளில் வாலிபால் ஆடிய அண்ணன் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

ஒரு பெயர்ப்பட்டியல் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். நம் பகுதிக் கல்லூரிகளிலிருந்து பல்கலைக்கழக ஆண்கள் வாலிபால் அணிக்குப் போனவர்கள் யார் யார், எந்த ஆண்டு போனார்கள், எந்த ஊரில் ஆடினார்கள், எந்தச் சுற்று வரை வந்தார்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார். இவ்வளவும் ஒரே இடத்தில் எழுதப்பட்டு நான் இதுவரை பார்த்ததில்லை.

1985 முதல் 1988 வரை இந்தப் பகுதிக் கல்லூரி ஒன்றில் படித்தேன். மூன்று ஆண்டும் கல்லூரி அணியில் ஆடினேன். பல்கலைக்கழக அணிக்கான வீரர் தேர்வுக்காக இரண்டு முறை காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். எனக்கு இடம் கிடைக்கவில்லை. என்னோடு வந்த, எனக்கு ஓராண்டு மூத்த அண்ணனுக்குக் கிடைத்தது. முதுகில் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த பனியனோடு அவர் விடுதிக்குத் திரும்பிய இரவில், அதைத் தொட்டுப் பார்க்காதவர்கள் யாருமில்லை.

பின்னர் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவருக்கு அரசு வேலை கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து, சான்றிதழ் உண்மைதானா என்று கேட்டுக் கல்லூரிக்குக் கடிதம் வந்தது. அந்த ஆண்டின் பதிவேடு கல்லூரியில் இல்லை. அறை மாற்றும்போது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது என்றார்கள். அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அணிப் புகைப்படம்தான் அவரைக் காப்பாற்றியது. அட்டையின் அடியில் ஆண்டும் அவர் பெயரும் தட்டச்சில் இருந்தன. அந்தப் புகைப்படச் சட்டத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். ஆடிய ஆட்டத்தை நிரூபிக்க ஒரு மனிதன் தன் வீட்டுச் சுவரை நம்பி இருக்க வேண்டி வந்தது.

அவர் இப்போது இல்லை. சென்ற ஆண்டு காரியத்துக்குப் போயிருந்தேன். அவருடைய மகன் என் அருகில் வந்து உட்கார்ந்து, “சித்தப்பா, அப்பா எந்த ஆண்டு ஆடினார், எந்த ஊரில் ஆடினார்?” என்று கேட்டான். என்னால் ஆண்டைச் சொல்ல முடிந்தது. ஊரைச் சொல்ல முடியவில்லை. புகைப்படத்திலும் ஊர் இல்லை. அன்றிலிருந்து இந்த வேலையில் இறங்கியிருக்கிறேன்.

நம் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. வேலூர்க் கோட்டைக்குள் இருந்த அது பிறகு சேர்க்காட்டுக்குப் போனது. அதற்கு முன்பு நம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தவை. ஊரிசுக் கல்லூரி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலும், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951-இலும், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இலும் வந்தவை. இத்தனை தலைமுறைப் பிள்ளைகளும் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானபோது சென்னையின் பனியனைத்தான் போட்டார்கள். சென்னையில் வரலாறு எழுதுகிறவர்களுக்கு அவர்கள் வெளியூர்ப் பிள்ளைகள். வேலூரில் எழுத வந்தால் கணக்கு 2002-இல் தொடங்கும். இரண்டு வீட்டாரும் தமக்குச் சொந்தமில்லை என்று விட்டுவிட்ட பிள்ளைகள் போல அந்தப் பெயர்கள் நடுத்தெருவில் நிற்கின்றன.

இதோடு மாவட்டமும் இரண்டு முறை உடைந்தது. 1989-இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் வேலூரே மூன்றானது. அன்று ஒரே மாவட்ட அணியில் ஆடிய மூவரை இன்று மூன்று மாவட்டங்களின் அலுவலகங்களில் தேட வேண்டியிருக்கிறது.

விளையாட்டின் பெயரிலும் ஓர் இடைஞ்சல் உண்டு. நாம் பேசும்போது வாலிபால் என்போம். செய்தித்தாள்கள் கைப்பந்து என்றும் கையுந்துபந்து என்றும் எழுதுகின்றன. கைப்பந்து என்ற சொல்லோ ஹேண்ட்பாலுக்கும் வழங்குகிறது. பழைய கல்லூரி மலர்களையும் ஆண்டறிக்கைகளையும் புரட்டுகிறவர்கள் மூன்று பெயர்களையும் தேட வேண்டும். ஒன்றை மட்டும் தேடினால் பாதி நழுவிவிடும்.

“ஒரு கல்லூரி விளையாட்டுக்கு இவ்வளவு வரலாறா?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். கூடைப்பந்தின் ஓட்டமும் மோதலும் தாங்காத பெரியவர்களுக்காக, வலையை உயரக் கட்டி ஆடச் செய்தார். அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் ஆட்டம் நம் நாட்டுக்கும் வந்தது. 1920-இல் எச்.சி. பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1961-இல் அர்ஜுனா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் நம் மாநிலத்தின் ஏ. பழனிச்சாமி. மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய ஆண்கள் அணி வெள்ளி வென்றது. பிற்காலத்தில் ஜி.இ. ஸ்ரீதரன் அர்ஜுனா விருதையும் துரோணாச்சாரியார் விருதையும் பெற்றார். உச்சியில் இருந்த இவர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. அடிவாரத்தில் செம்மண் தரையில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடியவர்களின் பெயர்களைத்தான் இழந்துகொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணியைப் பாருங்கள். அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1970-இல் முதன்முதலாக நடத்திய ஆண்கள் வாலிபால் போட்டியின் பட்டத்தை வென்றது அந்த அணி. 2012-இல் ஓய்வு பெறும் வரை பயிற்சியாளர் அல் ஸ்கேட்ஸ் அதற்கு 19 பட்டங்களை வாங்கிக் கொடுத்தார். ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற கார்ச் கிராலி அங்கே ஆடியவர். அந்தப் பட்டங்களைக் கண்டு எனக்கு ஏக்கமில்லை. எந்த ஆண்டில் யார் ஆடினார், யாரிடம் தோற்றார்கள் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த ஒழுங்கைக் கண்டுதான் ஏங்குகிறேன். அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும், பொறுப்பெடுத்துக்கொள்ள ஒருவரும் போதும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். நாங்கள் ஆடிய ஆட்டமே இன்று இல்லை. அப்போது சர்வீஸ் போடும் அணிக்கு மட்டும்தான் புள்ளி. எதிரணி சர்வீஸ் போட்டு நாம் பந்தை வென்றால் சர்வீஸ் மட்டுமே நம் கைக்கு வரும், பலகையில் எண் மாறாது. 15 புள்ளி எடுப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும். 14-க்கு 13 என்ற நிலையிலேயே சர்வீஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்க, எங்கள் கல்லூரி மைதானத்தில் பொழுது சாய்ந்து பந்து கண்ணுக்குத் தெரியாமல் போன ஆட்டம் எனக்கு நினைவிருக்கிறது. 1998-இல் லிபெரோ, அதாவது பின்வரிசையில் தடுத்தாட மட்டுமே இறங்கும் வீரர், வந்தார். அதையடுத்து ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற முறை வந்து, ஒரு செட்டுக்கு 25 என்றானது. இன்று ஆடும் பிள்ளைகளுக்குப் பழைய ஸ்கோர் சீட்டைக் கொடுத்தால் அதைப் படிக்கவே ஆள் வேண்டும். படிக்கத் தெரிந்தவர்களுக்கு இப்போது வயது அறுபதை நெருங்குகிறது. பலர் அதையும் தாண்டிவிட்டார்கள்.

ஸ்கோர் சீட்டு என்றேன். உடற்கல்வி இயக்குநர்களே, உங்கள் பீரோவில் ஒன்றாவது கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆடியவர்களின் பெயரும் எண்ணும், யாருக்குப் பின் யார் சர்வீஸ் போட்டார், யாரை எடுத்து யாரை உள்ளே விட்டார்கள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, இரு கேப்டன்களின் கையெழுத்து, நடுவரின் கையெழுத்து. ஒரே தாளில் ஒரு மாலைப்பொழுது முழுதும் இருக்கிறது. நினைவை நம்பி எழுதினால் எல்லோரும் அவரவர் அடித்த ஸ்மாஷைத்தான் சொல்வோம். பந்தைத் தூக்கிக் கொடுத்த லிஃப்டரை அந்தத் தாள்தான் சொல்லும்.

மார்க்கர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் எல்லோருக்கும் முன்பே வந்து வலை கட்டி, எல்லோரும் போன பிறகு பந்துகளை எண்ணிப் பூட்டிய அந்தத் தொழிலாளர்களின் பெயர் எந்தப் புகைப்படத்தின் அடியிலும் இருக்காது. நடுவில் 2.43 மீட்டர் உயரத்தில் வலை தொய்வில்லாமல் நின்றது அவர்கள் கைவண்ணத்தால்தான். யாருக்கு எந்தத் தோளில் வலி என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் கேட்பது பெரிய நூல் அல்ல. ஒவ்வொரு கல்லூரியும் ஒரு நோட்டுப் போடட்டும். சென்னைப் பல்கலைக்கழக அணி, திருவள்ளுவர் பல்கலைக்கழக அணி என்று பிரிக்காமல், கல்லூரியின் பெயரில் தொடக்கம் முதல் வரிசையாக எழுதட்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிய ஆண்டையும் விட்டுவிடக் கூடாது. தோற்ற ஆண்டிலும் பன்னிரண்டு பேர் ஆடப் போயிருக்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு வரும் முன்னாள் மாணவர்களிடம் பழைய சான்றிதழையும் புகைப்படத்தையும் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே நகலெடுத்துக்கொண்டு கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அசலைக் கேட்காதீர்கள். அது அவர்கள் வீட்டுச் சொத்து.

முதல் பக்கத்துக்கு என்னிடம் இருப்பதைத் தருகிறேன். அண்ணனுடைய மகன் அந்தப் புகைப்படத்தை நகலெடுத்துக் கொடுத்திருக்கிறான். 1986-87. பன்னிரண்டு வீரர்கள், ஒரு பயிற்சியாளர், ஒரு மேலாளர். அட்டையின் வலப்பக்கத்தைச் செல் அரித்துவிட்டதால் எட்டுப் பெயர்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. விசாரித்ததில் இன்னும் மூவரைக் கண்டுபிடித்துவிட்டேன். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் மட்டும் யாரென்று தெரியவில்லை. உயரமானவர், சுருட்டை முடி, வலது கை நடுவிரலில் பிளாஸ்திரி சுற்றியிருக்கிறார். நம் பக்கத்துக் கல்லூரிப் பையன் என்று ஒருவர் சொன்னார், எந்தக் கல்லூரி என்று அவருக்கு நினைவில்லை. அடையாளம் தெரிந்தவர்கள் உங்கள் கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் சொல்லுங்கள். புகைப்படத்தின் நகலோடு ஒவ்வொரு கல்லூரிக்கும் நானே நேரில் வருகிறேன்.

அன்புடன்,
முன்னாள் கல்லூரி வாலிபால் வீரன்,
காட்பாடி