கயல் கேட்ட கேள்வி

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

அண்ணன் பேத்தி கயல் லீவுக்கு வந்திருந்தாள். இப்போதுதான் பத்தாவது முடித்திருக்கிறாள். ஒரு மத்தியானம் அவளுக்கு 'அலைகள் ஓய்வதில்லை' போட்டுக் காட்டினேன். 1981-இல் ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு நீயும் நானும் தரை டிக்கெட்டில் பார்த்தோமே, அதேதான். இளையராஜா பாட்டுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் கார்த்திக் பூணூலை அறுக்க, ராதா சிலுவையைக் கழற்ற, அன்றைக்குத் தியேட்டரே விசிலில் அதிர்ந்தது. நீ சட்டையைக் கழற்றிச் சுற்றினாய். கயல் திரும்பி என்னைக் கேட்டாள்: "சரி தாத்தா, ராத்திரி ரெண்டு பேரும் எங்க போய்த் தங்குவாங்க? அந்தப் பொண்ணு அப்புறம் என்ன பண்ணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் எனக்கு இது தோன்றியதில்லை, சேகர்.

டைரக்டர் பாலாஜி சக்திவேலுக்குத் தோன்றியிருக்கிறது. 2004-இல் வந்த 'காதல்' படத்தில் ஓடிப்போவது முடிவு இல்லை. மதுரை மெக்கானிக் பையனும் பள்ளிக்கூடப் பெண்ணும் சென்னைக்கு வந்து, தங்க ஓர் இடம் கிடைக்காமல் அலைகிறார்கள். கட்டிய தாலியும் நிலைக்கவில்லை. பையன் புத்தி பேதலித்துத் தெருவில் திரிகிறான். என் மகளுக்கு அப்போது பத்து வயது. படம் விட்டு வெளியே வந்தபோது கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. நான் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

அதற்காக நம்முடைய அந்த விசிலைத் தப்பென்று சொல்ல மாட்டேன். சாதியும் மதமும் அப்படிக் கழன்று விழ வேண்டும் என்று நாம் மனதார ஆசைப்பட்டோம். இன்றைக்கும் எனக்கு அந்த ஆசை இருக்கிறது.

மறுநாள் '96' பார்த்தோம். ஜானு பாடும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கயலுக்கும் படம் பிடித்தது. ஆனால், "ஸ்கூல் கதைதான், ஆனா இது பெரியவங்க அழறதுக்கு எடுத்த படம்" என்றாள். அவள் வயதுப் பிள்ளைகளுக்கென்று இங்கே என்ன எடுக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சட்டென்று ஒரு பெயரும் வரவில்லை. அவளும் தோழிகளும் கொரியன் தொடர்தான் பார்க்கிறார்களாம். ஒன்றை என் போனில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பதினாறு பகுதி. இன்று ராத்திரி ஆரம்பிக்கிறேன்.

அன்புடன்,
மணி