பாஸ்டனில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இத்தனை ஆண்டுகள் அங்கே வரி கட்டியும் "நீ உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்பதை விடமாட்டேன் என்கிறார்களே என்று போனில் பொரிந்து தள்ளினாய். நான் ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டாயாம். ஆறுதல் எனக்கு வராது. உன் மாநிலத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

தாமஸ் பிளங்கெட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் பிறந்தவர். 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கி, சுமார் பத்து லட்சம் பேரைப் பஞ்சம் கொன்ற நாடு அது. தப்பியவர்களில் பெருங்கூட்டம் நீ இருக்கும் பாஸ்டனில்தான் கப்பலிலிருந்து இறங்கியது. கிடைத்த வரவேற்பைக் கேள். 1854 தேர்தலில் குடியேறிகளை வெறுத்த கட்சி உன் மாநிலமான மாசசூசெட்ஸையே கைப்பற்றியது. அதன் ஆளுநர் ஹென்றி கார்ட்னர், ஐரிஷ்காரர்கள் இருந்த குடிப்படை அணிகளை, அதாவது சாதாரணக் குடிமக்கள் சேரும் மாநிலப் படைகளை, கலைத்தார். அந்நியன் கையில் துப்பாக்கி எதற்கு என்ற நினைப்பு! குடியுரிமை வாங்கிய பிறகும் ஓட்டுப்போட இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று 1859இல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள்.

1861இல் அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையே உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நியனின் கை இப்போது வேண்டியிருந்தது. பிளங்கெட் வடக்குப் பக்கம் போரிட்ட மாசசூசெட்ஸின் 21ஆவது படைப்பிரிவில் சேர்ந்தார்.

1862 டிசம்பர், வர்ஜீனியா மாநிலத்தின் ஃபிரெடரிக்ஸ்பர்க். மேட்டடியில் கல்சுவருக்குப் பின்னே தெற்குப் படை. அதை நோக்கித் திறந்தவெளியில் அலை அலையாக அனுப்பப்பட்டது வடக்குப் படை. செத்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் என்று வடக்குக்கு மட்டும் 12,000 பேருக்கு மேல் இழப்பு. மூடத்தனமான தாக்குதல், தளபதியை யாரும் இன்றுவரை மெச்சுவதில்லை. கொடி ஏந்தியவர் சுடப்பட்டு விழுந்ததும் பிளங்கெட் அதை எடுத்துக்கொண்டு முன்னே போனார். பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய இரண்டு கைகளையும் கொண்டுபோனது. ரத்தம் தோய்ந்த கொடியை மாநிலம் பத்திரப்படுத்தியது. 1866இல் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் அவருக்குக் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு ஐரிஷ்காரர்கள் எல்லோரையும் தியாகிகளாக்கிவிடாதே. 1863 ஜூலையில் நியூயார்க்கில், கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துக் கிளம்பி, கறுப்பின மக்களைத் தேடித் தேடிக் கொன்ற கும்பல்களில் அவர்கள் நிறையவே இருந்தார்கள்.

அதே 1863இல்தான் மாசசூசெட்ஸ் அந்த இரண்டு ஆண்டு நிபந்தனையை நீக்கியது. ஐரிஷ்காரர்கள் ரத்தம் சிந்தி உரிமை பெற்றார்கள் என்று இதைப் பெருமையாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்குக் கோபம்தான் வருகிறது. ஓட்டுக்கு இரண்டு கை விலையா? உன்னிடம் ஊர் கேட்கிறவர்களுக்கு நீ எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, அம்மா. கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்.

விருதுக் குறிப்பு குண்டு வெடித்த இடத்தோடு நின்றுவிடுகிறது. பிளங்கெட் அதற்குப் பிறகு 22 ஆண்டுகள் வாழ்ந்தார். ஹெலன் என்ற பெண்ணை மணந்தார், பிள்ளைகளுக்குத் தகப்பனானார், 1885இல் இறந்தார். என் மனம் அந்த 22 ஆண்டுகளில்தான் சுற்றுகிறது. சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது யார்? சோறூட்டியது, அழுகிற குழந்தையைத் தூக்கியது யார்? ஹெலனுக்கு எந்த மெடலும் இல்லை.

அவர் கல்லறை வூஸ்டரில், ஹோப் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. உனக்குக் காரில் ஒரு மணி நேரம் இருக்குமா? விடுமுறையில் போனால், கல்லில் ஹெலன் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா